வயித்த எடுத்துட்டா சோறு எங்க போகும்? - ஒரு அறுவை சிகிச்சையின் கதை



இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு. நான் மருத்துவ மாணவன் அல்ல. பத்தமடையிலிருந்து தினமும் பஸ் ஏறி திருநெல்வேலிக்குப் போய் வரலாறு படிக்கிறவன். பத்தமடை என்றதும் உங்களுக்குப் பாய்தான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் மட்டும் சில வருடங்களாக வயிறுதான் பேச்சு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

2016-ல் எங்கள் தாத்தாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். "இரைப்பையை முழுசா எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னதாக அப்பா வீட்டில் வந்து சொன்னபோது, ஆச்சி அழவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏல, வயித்த எடுத்துட்டா திங்கிற சோறு எங்கல போவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. போன வருடம் எங்கள் மாமாவுக்கும் அதே நோய் என்று தெரிந்தது. இந்த முறை டாக்டர், "வயிற்றைக் கிழிக்க வேண்டாம், துளை போட்டே செய்யலாம்" என்றார். ஆச்சி அடுத்த கேள்வியைக் கேட்டாள்: "சின்ன ஓட்ட வழியா அம்மாம் பெரிய வயித்த எப்படில எடுப்பாவ?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒன்று தெரிந்தது. ஆச்சி கேட்ட அதே கேள்வியோடுதான் உலகத்தின் பெரிய பெரிய அறுவை மருத்துவர்கள் 140 வருடங்களுக்கு மேலாகப் போராடியிருக்கிறார்கள். இரைப்பையை வெட்டி எடுப்பதை ஒருவாறு கற்றுக்கொண்டார்கள். எடுத்தபின் மிச்சத்தை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் அவர்களை அதிகம் படுத்தியது. இந்தக் கட்டுரை அந்த இணைப்பின் கதை.

முதலில் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

நாம் "வயிறு" என்று பொதுவாகச் சொல்வதில் பல உறுப்புகள் அடக்கம். சோறு முதலில் உணவுக்குழாய் வழியாக இறங்கி இரைப்பைக்கு வருகிறது. இரைப்பை ஒரு பை. அது சோற்றைப் பிடித்து வைத்து, அமிலம் கலந்து, அரைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. சிறுகுடலின் முதல் பகுதிக்கு முன்சிறுகுடல் என்று பெயர். கல்லீரலிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து கணையநீரும் வந்து விழுவது அங்கேதான். உண்மையான செரிமானமும் சத்து உறிஞ்சப்படுவதும் பெரும்பாலும் சிறுகுடலில்தான் நடக்கின்றன.

இரைப்பை ஒரு களஞ்சியம், ஒரு ஆட்டுரல், ஒரு மடை. அது இல்லாமலும் மனிதனால் வாழ முடியும். ஆனால் அதை எடுத்துவிட்டால் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கும். ஒன்று, மேலேயிருந்து வரும் சோற்றுக்கு வழி விட வேண்டும். இன்னொன்று, பித்தநீரும் கணையநீரும் சோற்றோடு போய்ச் சேர வேண்டும், ஆனால் மேலே ஏறி வந்துவிடக் கூடாது.

வியன்னா, 1881

குடலை எப்படித் தைப்பது என்பதே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய புதிர். தையல் விட்டால் உள்ளே இருப்பது கசிந்து, வயிறு முழுக்கச் சீழ் பிடித்து, நோயாளி சில நாளில் இறந்துவிடுவார். 1826-ல் பிரான்சைச் சேர்ந்த லாம்பேர் என்ற மருத்துவர் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். குடலின் ஓரங்களை அப்படியே ஒட்டித் தைக்காதீர்கள், உள்பக்கம் மடித்து வெளித்தோல் வெளித்தோலோடு ஒட்டும்படி தையுங்கள், அப்போது ஒட்டிக்கொள்ளும் என்றார். இன்றும் அந்தத் தையலுக்கு அவர் பெயர்தான்.

அதன்பிறகு 1846-ல் ஈதர் மயக்க மருந்து வந்தது. 1867-ல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். இவை இரண்டும் வந்தபிறகுதான் வயிற்றைத் திறக்கும் துணிச்சல் மருத்துவர்களுக்கு வந்தது.

1879-ல் பாரிஸில் பேயான் என்பவர் புற்றுநோய் வந்த இரைப்பைப் பகுதியை வெட்டி எடுத்தார். நோயாளி ஐந்தாம் நாள் இறந்தார். 1880-ல் போலந்து நாட்டவரான ரிடிகியர் முயன்றார். அவருடைய நோயாளி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

1881 ஜனவரி 29. வியன்னாவில் தியோடர் பில்ராத் என்ற மருத்துவர் தெரேசா ஹெல்லர் என்ற 43 வயதுப் பெண்ணின் இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்தார். மிச்சமிருந்த இரைப்பையை நேராக முன்சிறுகுடலோடு பட்டு நூலால் தைத்தார். சுமார் 50 தையல்கள். அந்தப் பெண் பிழைத்தார்! சாப்பிட்டார், வீட்டுக்குப் போனார். நான்கு மாதம் கழித்து நோய் வேறு இடங்களுக்குப் பரவியதால் இறந்தார். பில்ராத்தின் இணைப்பு தன் வேலையைச் செய்தது. அவரைக் கொன்றது புற்றுநோய். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் கடைசியில் மீண்டும் வரும்.

மூன்று வழிகள்

இரைப்பையை நேராக முன்சிறுகுடலோடு சேர்ப்பதற்கு இன்றும் "பில்ராத் ஒன்று" என்றுதான் பெயர். இதில் சோறு பழைய பாதையிலேயே போகும். ஆனால் இரைப்பையின் பெரும்பகுதி போய்விட்டால் இரண்டு முனைகளும் எட்டாது. இழுத்துத் தைத்தால் பிரிந்துவிடும்.

அதனால் 1885-ல் பில்ராத் இன்னொரு வழியைச் செய்தார். முன்சிறுகுடலின் வாயை மூடிவிட்டு, அதற்குக் கீழேயுள்ள சிறுகுடலின் ஒரு வளைவை மேலே தூக்கி இரைப்பையோடு பக்கவாட்டில் சேர்ப்பது. இது "பில்ராத் இரண்டு". இரைப்பையைக் குடலோடு இப்படிச் சேர்க்கும் யோசனையை அவருடைய சீடர் வோல்ஃப்லர் 1881-லேயே செய்து காட்டியிருந்தார். இதில் முனைகள் எட்டாத பிரச்சினை இல்லை. ஆனால் பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி வந்து எரிச்சலும் கசப்பு வாந்தியும் உண்டாகும்.

மூன்றாவது வழி சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த சீசர் ரூ என்பவருடையது. காலம் 1890-கள். அவர் சிறுகுடலை ஓரிடத்தில் குறுக்கே வெட்டினார். கீழ் முனையை மேலே தூக்கி இரைப்பையோடு சேர்த்தார். பித்தநீர் வரும் மேல் முனையை, நன்றாகக் கீழே கொண்டுபோய்க் குடலின் பக்கவாட்டில் சேர்த்தார். பார்த்தால் ஆங்கில 'ஒய்' எழுத்துபோல் இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரண்டு வாய்க்கால்கள் சேருகிற இடத்தை மேட்டில் வைத்தால், ஒன்றின் தண்ணீர் மற்றொன்றில் எதிர்த்து ஏறும். சேருகிற இடத்தைக் கீழே பள்ளத்தில் வைத்தால் இரண்டும் ஒழுங்காக ஓடும். ரூ செய்ததும் அதுதான். சோறு ஒரு வாய்க்கால், பித்தநீர் ஒரு வாய்க்கால், இரண்டும் சேருவது சுமார் 40 முதல் 60 சென்டிமீட்டர் கீழே.

அடுத்து 1897-ல் சூரிச் நகரில் ஷ்லாட்டர் என்ற மருத்துவர் ஒரு 56 வயதுப் பெண்ணின் இரைப்பையை முழுவதுமாக எடுத்தார். உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு தைத்தார். அந்தப் பெண் ஓராண்டுக்கும் மேல் வாழ்ந்தார். ஆச்சியின் முதல் கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. சோறு நேராகச் சிறுகுடலுக்குப் போகும்!

ஆனால் உணவுக்குழாய் இணைப்பு மிகவும் கஷ்டமானது. இரைப்பைக்கும் குடலுக்கும் இருக்கும் கெட்டியான வெளித்தோல் உணவுக்குழாய்க்கு இல்லை. அதனால் தையல் பிய்த்துக்கொள்ளும். வெட்டியதும் அது நெஞ்சுக்குள் சுருங்கி மேலே போய்விடும். இன்றுவரை இந்த அறுவை சிகிச்சையில் டாக்டர்கள் முதலில் பயப்படுவது இந்த இணைப்பின் கசிவுக்குத்தான்.

நம் ஊர்ப் பக்கம்

வியன்னாவில் பில்ராத் இரண்டாவது முறையைச் செய்து இரண்டு வருடம் கழித்து, 1887-ல், எங்கள் பத்தமடையில் குப்புசாமி என்ற குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் ரிஷிகேஷத்தில் புகழ்பெற்ற சுவாமி சிவானந்தர் அவர்தான். அவர் ஒரு டாக்டர் என்பது பலருக்குத் தெரியாது. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 'அம்ப்ரோசியா' என்று ஒரு மருத்துவப் பத்திரிகை நடத்தினார். 1913-ல் மலேயாவுக்குக் கப்பல் ஏறி, தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1923-ல் திரும்பி வந்து துறவியானார். எங்கள் ஊருக்கும் நவீன மருத்துவத்துக்கும் உள்ள பழைய தொடர்பு என்று இதைச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென்று ஒரு பெரிய இடம் உருவானது 1954-ல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கே சென்னை மாநகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு பராமரிக்கப்படுகிறது. அந்தப் பதிவேடு ஒரு கசப்பான உண்மையைக் காட்டியது. சென்னை ஆண்களிடம் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது இரைப்பைப் புற்றுநோய்! இந்தியாவின் பல பகுதிகளில் இந்த நோய் அவ்வளவு இல்லை. தெற்கிலும் வடகிழக்கில் மிசோரம் பக்கமும்தான் அதிகம்.

இரைப்பை, குடல் அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்ததிலும் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். ரங்கபாஷ்யம் அந்தத் துறையை உருவாக்கி, பல தலைமுறை மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். 2002-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2013-ல் மறைந்தார். எங்கள் மாவட்டத்துக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-ல் வந்தது.

தையலுக்குப் பதில் ஒரு கருவி

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். துளை அறுவைக்கு வழி விட்டது ஒரு கருவி. அதன் பெயர் ஸ்டேப்ளர். ஆமாம், நாம் காகிதம் பின் அடிக்கும் அதே யோசனைதான்.

1908-ல் புடாபெஸ்ட் நகரில் ஹ்யூல்ட்ல் என்ற மருத்துவர் இரைப்பையை உலோகப் பின்களால் மூடும் கருவியை முதலில் பயன்படுத்தினார். கருவியின் எடை மூன்று கிலோவுக்கு மேல்! அதே ஹங்கேரியைச் சேர்ந்த பெட்ஸ் என்பவர் 1921-ல் எடை குறைந்த கருவியைச் செய்தார். பிறகு சோவியத் ரஷ்யாவில் இதைப் பெரிதாக வளர்த்தார்கள். 1958-ல் மார்க் ரேவிட்ச் என்ற அமெரிக்க மருத்துவர் கீவ் நகரில் அந்தக் கருவியைப் பார்த்துவிட்டு ஊருக்கு ஒன்றை வாங்கிப் போனார். அதன்பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது.

ஸ்டேப்ளரில் இரண்டு வகை முக்கியம். ஒன்று நேர்கோட்டு வகை. இரண்டு குழாய்களுக்குள் ஆளுக்கொரு கையை நுழைத்து அழுத்தினால், இரண்டு பக்கமும் வரிசையாகப் பின்கள் விழும், நடுவில் கத்தி ஓடி வழி திறக்கும். இன்னொன்று வட்ட வகை. இதற்கு ஒரு தலை உண்டு. அந்தத் தலையை உணவுக்குழாயின் வாய்க்குள் வைத்து, ஆச்சியின் சுருக்குப்பைபோல நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கருவியின் உடலைக் குடலுக்குள் விட்டுத் தலையோடு பொருத்தி அழுத்தினால் வட்டமாக ஒரு இணைப்பு கிடைக்கும்.

துளை வழியே

1985-ல் ஜெர்மனியில் ம்யூஹே என்பவரும், 1987-ல் பிரான்சின் லியோன் நகரில் மூரே என்பவரும் வயிற்றைக் கிழிக்காமல் துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்தார்கள். இதுதான் லேப்ராஸ்கோப்பி. கரியமில வாயுவை நிரப்பி வயிற்றைப் பந்துபோல உப்ப வைப்பார்கள். ஒரு துளை வழியாகக் கேமரா. மற்ற நான்கைந்து துளைகள் வழியாக நீளமான கருவிகள். துளைகளின் அகலம் 5 முதல் 12 மில்லிமீட்டர். மருத்துவர் நோயாளியின் வயிற்றைப் பார்ப்பதில்லை, டிவியைப் பார்த்துத்தான் அறுவை செய்கிறார்.

இந்தியாவில் 1990-ல் மும்பையில் டாக்டர் டெம்டன் உத்வாடியா இதைத் தொடங்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில் கோயம்புத்தூரில் டாக்டர் சி. பழனிவேலு இதைப் பெரிய அளவில் வளர்த்தார். அவர் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் மலேசியாவில் தோட்ட வேலை செய்து, திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்து டாக்டரானவர். எங்கள் ஊர் சிவானந்தர் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போன அதே நாடு!

பித்தப்பையை எடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. எடுத்தபின் குடலை எதனோடும் சேர்க்க வேண்டியதில்லை. இரைப்பை அப்படியா? எடுப்பதோடு, சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் ரத்தக் குழாய்களை ஒட்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு குடலை இணைக்க வேண்டும்.

1991-ல் ஜப்பானில் கிடானோ என்ற மருத்துவர் தொடக்க நிலைப் புற்றுநோய்க்கு இதைச் செய்தார். 1994-ல் அதைப் பற்றி எழுதினார். ஆனால் அவர் முறையில் இணைப்பு மட்டும் உள்ளே நடக்கவில்லை. மேல்வயிற்றில் சிறிதாகக் கீறி, இரைப்பையை வெளியே இழுத்து, கையால் பில்ராத் ஒன்று இணைப்பைச் செய்தார். வெட்டும் வேலை 1991-ல் துளைக்குள் போய்விட்டது, ஒட்டும் வேலை இன்னும் வெளியே நின்றது!

1992-ல் சிங்கப்பூரில் பீட்டர் கோ என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஒரு படி முன்னே போனார்கள். இரைப்பைப் புண் வந்த ஒரு நோயாளிக்கு, ஸ்டேப்ளரால் பில்ராத் இரண்டு இணைப்பை முழுக்க வயிற்றுக்குள்ளேயே முடித்தார்கள். அது புற்றுநோய் அல்ல. ஆனால் உள்ளேயே இணைக்க முடியும் என்பது நிரூபணமானது.

உள்ளேயே இணைப்பது எப்படி?

சிறு கீறல் வழியாக இணைப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஒல்லியான ஆளுக்குத் தப்பில்லை. பருமனான ஆளுக்கு இரைப்பை ஆழத்தில் இருக்கும். சின்ன ஓட்டை வழியாக இழுத்தால் இழுவை அதிகமாகும், பார்வையும் சரியாகக் கிடைக்காது. முழு இரைப்பையையும் எடுத்தால் இன்னும் கஷ்டம். உணவுக்குழாயின் முனை விலா எலும்புக்கும் கல்லீரலுக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

பில்ராத் ஒன்று முறைக்கு ஒரு வழியை ஜப்பானியர் கனாயா 2002-ல் வெளியிட்டார். இரைப்பையின் பின்சுவரையும் முன்சிறுகுடலின் பின்சுவரையும் நேர்கோட்டு ஸ்டேப்ளரால் சேர்த்து, பிறகு கருவி நுழைந்த வாயை இன்னும் இரண்டு முறை ஸ்டேப்ளர் அடித்து மூடுவது. உள்ளிருந்து பார்த்தால் பின் வரிசைகள் முக்கோணமாகத் தெரியும். அதனால் டெல்டா இணைப்பு என்று பெயர்.

முழு இரைப்பை எடுத்தவர்களுக்குப் பிரச்சினை அந்தச் சுருக்குப்பைத் தையல்தான். நீண்ட கருவியால் அவ்வளவு ஆழத்தில் அதைப் போடுவது சிரமம். இதற்கு 2009 வாக்கில் ஒரு நல்ல யோசனை வந்தது. வட்ட ஸ்டேப்ளரின் தலையை ஒரு மெல்லிய குழாயில் கட்டி, நோயாளியின் வாய் வழியாகவே உள்ளே இறக்குவது. மூடிய உணவுக்குழாயின் முனையில் சிறு ஓட்டை போட்டுக் குழாயை வெளியே இழுத்தால், தலை தானாக வந்து பொருந்தும். சுருக்குப்பையே தேவையில்லை!

2010-ல் இனாபா என்பவர் வட்டக் கருவியையே விட்டுவிட்டு, உணவுக்குழாயையும் சிறுகுடலையும் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் வைத்து நேர்கோட்டு ஸ்டேப்ளரால் சேர்க்கும் முறையை எழுதினார். வட்ட இணைப்பு சில சமயம் ஆறும்போது சுருங்கிவிடும். இதில் வாய் அகலமாக இருக்கும்.

நம் நாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்டேப்ளரின் பின் தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் விலை அதிகம், ஒருமுறை அடித்தால் அவ்வளவுதான். அதனால் உள்ளேயே ஊசி நூலால் தைக்கத் தெரிந்த மருத்துவருக்கு இங்கே மதிப்பு அதிகம். பழனிவேலு குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதற்கு உதாரணம். கணையத்தின் தலைப்பகுதியைத் துளை வழியாக எடுத்த 42 பேரைப் பற்றியது அது. அந்த அறுவையில் கணையம், பித்தக் குழாய், இரைப்பைப் பக்கம் என்று மூன்று இணைப்புகள் போட வேண்டும். அவ்வளவையும் துளைக்குள் செய்ய முடியும் என்று தமிழ்நாட்டிலிருந்து காட்டினார்கள்.

சரி, ஆச்சியின் இரண்டாவது கேள்வி? வெட்டிய இரைப்பை உள்ளே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போடப்படுகிறது. தொப்புள் பக்கத்துத் துளையை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் பெரிதாக்கி, அதன் வழியே பையை இழுத்துவிடுகிறார்கள். இரைப்பை ரப்பர்போல மடங்கும், அதனால் வந்துவிடும்!

துளை போட்டால் நோய் மிச்சமாகிவிடாதா?

எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டையே இதுதான். "கிழிச்சுப் பார்த்தாத்தான் நல்லா பார்க்க முடியும்" என்று அத்தை சொன்னாள். நியாயமான சந்தேகம். மருத்துவர்களுக்கும் இதே சந்தேகம் இருந்ததால் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள்.

கொரியாவில் தொடக்க நிலை நோயாளிகள் 1416 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் துளை அறுவையும் மறு பகுதிக்குத் திறந்த அறுவையும் செய்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் துளை முறையில் 94.2 சதவீதம், திறந்த முறையில் 93.3 சதவீதம். அறுவைக்குப் பின் வந்த சிக்கல்கள் துளை முறையில் 13 சதவீதம், திறந்த முறையில் 19.9 சதவீதம். சீனாவில் நோய் முற்றிய 1056 பேரிடம் நடந்த ஆய்வும் அதே 2019-ல் வெளியானது. மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 76.5 சதவீதம், 77.8 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். இரண்டு ஆய்வுகளும் இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுக்கும் அறுவையைப் பற்றியவை. முழு இரைப்பைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. அடுத்து, செய்தவர்கள் எல்லோரும் இதில் நன்றாகக் கைபழகிய மருத்துவர்கள். துளை சிறியதா பெரியதா என்பதைவிட, டாக்டர் இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறார் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். நாங்களும் கேட்டோம். மாமாவின் டாக்டர் கோபப்படாமல் பதில் சொன்னார்.

எடுத்தபின் வாழ்க்கை

எந்த முறையில் இணைத்தாலும், களஞ்சியம் போனது போனதுதான். தாத்தா அறுவைக்கு முன் ஒரு வேளைக்கு ஒரு தட்டுச் சோறு சாப்பிடுவார். பிறகு கைப்பிடி கைப்பிடியாக ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஒருநாள் கோயில் சர்க்கரைப் பொங்கலை ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு, வியர்த்து, நெஞ்சு படபடத்து, திண்ணையில் படுத்துவிட்டார். நாங்கள் பயந்துபோனோம். இனிப்பு மடை இல்லாமல் ஒரேயடியாகச் சிறுகுடலில் கொட்டும்போது அப்படி வரும் என்று பிறகு தெரிந்தது. பி12 ஊசியும் வாழ்நாள் முழுக்கத் தேவை. அந்த வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது.

தாத்தாவின் இணைப்பு நன்றாகவே ஆறியது, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆனாலும் 2018-ல் அவர் போய்விட்டார். நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. தெரேசா ஹெல்லரின் கதை ஞாபகம் இருக்கிறதா? 137 வருடம் கழித்து எங்கள் வீட்டிலும் அதே கதை. தாத்தாவுக்கு எட்டு மாதமாக நெஞ்செரிச்சல், பசியின்மை, உடல் மெலிவு. அல்சர் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாமாவுக்கு அப்படி நடக்கவில்லை. தாத்தாவை நினைத்துப் பயந்துபோய், ஒரு மாதம் சாப்பாடு இறங்காமல் இருந்ததுமே அத்தை அவரைப் பாளையங்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போய் எண்டோஸ்கோப்பி எடுக்க வைத்தாள். கட்டி சிறியதாக இருந்தது. அதனால்தான் துளை போடலாம் என்ற பேச்சே வந்தது.

கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரைப்பையைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. அங்கே தொடக்க நிலையில் அத்தனை பேர் கிடைப்பதற்கு அதுதான் காரணம். நம்மிடம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது, பெரிய அறுவைகளுக்குக் கை கொடுக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டியது நாம்தான்.

நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் வந்து விடாமல் இருந்தால், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பினால், காரணமில்லாமல் எடை குறைந்தால், மலம் கறுப்பாகப் போனால், ரத்தசோகை வந்தால், மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். "குழாய் விட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை.

பில்ராத் முதல் பழனிவேலு வரை எத்தனையோ பேர் சேர்ந்து இணைக்கும் கலையை இவ்வளவு தூரம் கொண்டு வந்துவிட்டார்கள். எவ்வளவு நன்றாக இணைத்தாலும், தாமதமாக வந்தவருக்கு அது முழுப் பலன் தருவதில்லை. தாத்தாவின் அடிவயிற்றிலிருந்து நெஞ்சு வரை ஓடிய தழும்பைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாமாவின் வயிற்றில் இருப்பது ஐந்து சின்னப் புள்ளிகளும் தொப்புள் பக்கம் ஒரு கீறலும்தான். ஆனால் மாமாவைக் காப்பாற்றியது புள்ளியா, கோடா என்று கேட்டால், அத்தையின் அவசரம் என்றுதான் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஆச்சி இட்லி வைத்தாள். மெதுவாக மென்று இரண்டு சாப்பிட்டார். ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படித்ததையெல்லாம் அவளுக்கு ஒருவாறு விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப சோறு நேரா கொடலுக்குத்தான் போவுதுங்க. சரி, போவட்டும். போறதுக்கு ஒரு வழி இருக்குல்லா" என்றாள்.

அவ்வளவுதான் நண்பர்களே. அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.